24,346 பெட்டி ஏற்றும் கப்பல்: இன்னும் பெரிதாகுமா, இதோடு நிற்குமா?

மணல்மேடு:

வணக்கம். நான் நாகர்கோவில்காரன். கடை வைத்திருக்கிறேன், கப்பலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 2025 ஜூன் 9 அன்று எம்எஸ்சி ஐரினா என்ற கண்டெய்னர் கப்பல் கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வருகிறது என்றதும் மைத்துனனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். மீன்பிடித் துறைமுகப் பக்கம் நின்று பார்த்தால் கப்பல் என்றே தோன்றவில்லை. யாரோ ஒரு தெருவையே தூக்கிக் கடலில் வைத்த மாதிரி இருந்தது. குறுக்கே ஒரு வள்ளம் போனது. அதில் நின்றவரின் தலை, கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருந்த எழுத்தின் அடிக்கோட்டுக்குக்கூட எட்டவில்லை.

நீளம் 399.9 மீட்டர், அகலம் 61.3 மீட்டர், கொள்ளளவு 24,346. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 20 அடிப் பெட்டி 6.1 மீட்டர். எல்லாவற்றையும் தரையில் வரிசையாக வைத்தால் 148 கிலோமீட்டர். சென்னையில் முதல் பெட்டியை வைத்தால் கடைசிப் பெட்டி பாண்டிச்சேரிக்குப் போய்விடும்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவில் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் ஏற்றியது வெறும் 58 பெட்டிதான் என்று படித்தேன். 58 எங்கே, 24,346 எங்கே! ஏன் இப்படி ஊதிக்கொண்டே போகிறது? எங்கே போய் நிற்கும்? இதனால் யாருக்கு லாபம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. முதலில் ஒரு சின்னத் திருத்தம். 24,346 என்பது பெட்டிகளின் எண்ணிக்கை இல்லை. அது டிஇயூ, அதாவது 20 அடி அளவில் போடும் கணக்கு. நிஜத்தில் ஏறுவதில் பெரும்பாலானவை 40 அடிப் பெட்டிகள், ஒவ்வொன்றும் இரண்டு டிஇயூ. கைவிட்டு எண்ணினால் 13,000, 14,000 பெட்டிதான் இருக்கும். இன்னொன்று, கப்பல் தாங்கும் எடை சுமார் 2,40,000 டன். வகுத்துப் பாருங்கள், டிஇயூவுக்கு 10 டன்கூட வராது. எல்லாப் பெட்டியும் கனமாக இருந்தால் அத்தனையையும் ஏற்றவே முடியாது. விளம்பரத்தில் வரும் எண் இடக்கணக்கு, எடைக்கணக்கு இல்லை.

ஏன் ஊதுகிறது என்றால், கொள்ளளவு இரண்டு மடங்கானாலும் இரும்பும் எண்ணெயும் இரண்டு மடங்காவதில்லை. ஆளும் அப்படித்தான். 5,000 டிஇயூ கப்பலுக்கும் இருபது சொச்சம் பேர், 24,000க்கும் இருபது சொச்சம் பேர். ஒரு பெட்டிக்கு விழும் செலவு இறங்கிக்கொண்டே வரும். யாருக்கு லாபம் என்று கேட்டீர்கள். ஷாங்காயிலிருந்து ரோட்டர்டாம் போகும் ஒரு சட்டைக்குக் கடல் வாடகை சில ரூபாய்தான். எல்லோருக்கும்தான் லாபம்.

பழைய பிஸ்டன்:

கணக்குப்பிள்ளை தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை இன்ஜின் ரூமிலிருந்து சொல்கிறேன். 31 வருஷம் கடலில் இருந்தேன், கடைசி 12 வருஷம் சீஃப் இன்ஜினியர். சொந்த ஊர் தூத்துக்குடி.

2006இல் மெர்ஸ்க் கம்பெனியின் எம்மா மெர்ஸ்க் கப்பல் வந்தது. நீளம் 397 மீட்டர். 14 சிலிண்டர் இன்ஜின், 80 மெகாவாட். அதே குடும்பத்து 12 சிலிண்டர் இன்ஜின் ஓடிய கப்பலில் நான் வேலை பார்த்திருக்கிறேன். சிலிண்டர் விட்டம் 96 சென்டிமீட்டர். பிஸ்டனைத் தூக்கிவிட்டு லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம் அளக்க ஆள் உள்ளே இறங்குவோம், ஏணி போட்டு. தொப்பையுள்ள செகண்ட் இன்ஜினியர்கூட சிரமமில்லாமல் இறங்குவார். அந்தக் கப்பல்கள் எல்லாம் 24, 25 நாட் (மணிக்கு அத்தனை கடல்மைல்) வேகத்தில் ஓடுவதற்காகக் கட்டியவை.

2008இல் கச்சா எண்ணெய் 147 டாலர் போனது. அந்த வருஷக் கடைசியில் வியாபாரமே படுத்துவிட்டது. கம்பெனியிலிருந்து மெயில் வந்தது, வேகத்தைக் குறை என்று. 24 நாட்டிலிருந்து 18க்கு இறக்கினால் மணிக்கு எரியும் எண்ணெய் பாதிக்கும் கீழே போய்விடும். பணம் மிச்சம், ஆனால் பாடு எங்களுக்கு. அந்த இன்ஜின் மெதுவாக ஓடப் பிறந்ததே இல்லை. இன்ஜினுக்குக் காற்று ஊதும் ஆக்ஸிலரி ப்ளோயர் ஓயாமல் ஓடும், புகைச்சூட்டில் ஓடும் எக்ஸாஸ்ட் பாய்லரில் கரி அடைத்துக்கொள்ளும். தினம் ஒருமுறை வேகத்தை ஏற்றி அந்தக் கரியை ஊதித் தள்ளுவோம்.

2013இல் வந்த ட்ரிபிள் ஈ வகைக் கப்பலைப் பாருங்கள். 18,000 டிஇயூ. எம்மாவைவிடப் பெரிது, ஆனால் இரண்டு இன்ஜினும் சேர்த்து 60 மெகாவாட்தான். மெதுவாக ஓடுவதற்கென்றே கட்டியது. அதனால் பெட்டிக்கு ஆகும் செலவு இறங்கியதை எல்லாம் கப்பலின் பருமன் கணக்கில் எழுதாதீர்கள். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஈசிடியின் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் 2015இல் போட்ட அறிக்கையிலும் இதுதான் இருக்கிறது. 15,000த்திலிருந்து 19,000 டிஇயூவுக்குப் போனதில் கிடைத்த மிச்சத்தில் பாதிக்கு மேல், மெதுவாக ஓடும் இன்ஜினால் வந்தது.

பனியன்காரன்:

> எல்லோருக்கும்தான் லாபம்.

கணக்குப்பிள்ளை சார், கோபப்படாமல் பதில் எழுதப் பார்க்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஷிப்பிங் பார்க்கிறேன். எங்கள் பெட்டியில் இங்கே சரக்கு ஏற்றி, லாரியில் தூத்துக்குடி போய், ஃபீடர் என்ற குட்டிக் கப்பலில் ஏறி ஒரு ராத்திரியில் கொழும்பு போய்விடும். அங்கேதான் மதர் வெசலுக்கு, அதாவது பெரிய தாய்க்கப்பலுக்கு மாறும். போன வருஷம் 40 அடிப் பெட்டி ஒன்று, குழந்தைகள் உடுப்பு, ஹாம்பர்க் போக வேண்டியது. ஃபீடர் ஆறு மணி நேரம் லேட். மதர் வெசல் காத்திருக்கவில்லை, போய்விட்டது. சரி, அடுத்த வாரம் ஏறிவிடும் என்று பார்த்தால் அடுத்த வாரக் கப்பலையே ரத்து செய்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் இடம் இல்லை. 19 நாள் அந்தப் பெட்டி கொழும்பில் கிடந்தது. கண்டெய்னர் நம்பரைத் தட்டித் தட்டி அது மனப்பாடமே ஆகிவிட்டது, இப்போதும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். பையர் ஸீசன் போய்விட்டது என்று 15 சதவீதம் கழித்துக்கொண்டார். அடுத்த ஆர்டரின் முதல் லாட்டை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பினோம்.

கப்பல் கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். 2,500 டிஇயூ கப்பல் வாரம் நான்கு போனால், ஒன்றை விட்டால் இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே கப்பலில் கொட்டி வாரம் ஒன்று என்றால், அதை விட்டவன் கதி? கடலில் ஒரு பெட்டிக்கு நூறு டாலர் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த நூறு என் பையிலிருந்து ஆயிரமாகப் போகிறது.

கணக்குப்பிள்ளை:

பனியன்காரன் சார், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் ரத்து செய்த கப்பலுக்கும் கப்பலின் பருமனுக்கும் என்ன தொடர்பு? சின்னக் கப்பலையும் ரத்து செய்வார்கள். 2021இல் வாடகை ஏறியதும் இப்படித்தான். செப்டம்பரில் 40 அடிப் பெட்டிக்கு உலகச் சராசரி 10,000 டாலரைத் தாண்டியது. அது கொரோனாவால் வந்தது, பெரிய கப்பலால் இல்லை.

கொழும்பான்:

வணக்கம் எல்லோருக்கும். நான் கொழும்புத் துறைமுகத்தில் யார்ட் (கொள்கலன்களை அடுக்கி வைக்கும் திடல்) திட்டமிடும் பகுதியில் வேலை செய்கிறேன். பனியன்காரன் அண்ணாவின் கொள்கலன் 19 நாள் கிடந்த இடத்தை அனேகமாக நானும் திரையில் பார்த்திருப்பேன். மன்னிக்க வேணும்.

தொடர்பு இருக்கிறது, கணக்குப்பிள்ளை. எப்படி என்று சொல்கிறேன்.

எம்மா மெர்ஸ்க் 397 மீட்டர், 2006. ஐரினா 399.9 மீட்டர், 2023. பதினேழு வருஷத்தில் நீளம் மூன்று மீட்டர்தான் கூடியது. பிறகு எங்கே கூடியது? குறுக்கே. எம்மாவில் பக்கவாட்டில் 22 வரிசை, ட்ரிபிள் ஈயில் 23, 2019இல் வந்த எம்எஸ்சி குல்சுனில் 24. அதோடு உயரமும். நீளம் கூடாவிட்டால் கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடிய பாரந்தூக்கிகளின் எண்ணிக்கையும் கூடாது. அதே ஆறேழு பாரந்தூக்கி, ஆனால் இறக்க வேண்டியது அதிகம், ஒவ்வொரு முறையும் கொக்கி போய்வர வேண்டிய தூரமும் அதிகம். 24ஆவது வரிசைக்குப் போகிற பெட்டி கப்பலின் முழு அகலத்தையும் கடக்க வேணும். ஒரு பாரந்தூக்கி மணிக்கு 30 பெட்டி, ஆறு பாரந்தூக்கி, 5,000 பெட்டி ஏற்றி இறக்க வேணும் என்று வையுங்கள். எந்தத் தடங்கலும் இல்லாமல் 28 மணித்தியாலம். மழை, காற்று, ஷிஃப்ட் மாற்றம் எல்லாம் இதில் சேர்க்கவில்லை.

அந்த 28 மணித்தியாலமும் யார்ட் திருவிழா மாதிரி. பிறகு இரண்டு நாள் ஆளில்லை. பாரந்தூக்கியும் ட்ரக்கும் ஆட்களும் திருவிழாக் கூட்டத்துக்கு ஏற்றபடி வாங்கி வைத்திருக்க வேணும், மற்ற நாட்களில் சும்மா நிற்கும். அந்தக் காசு யாருடையது? துறைமுகத்துடையது. கப்பல் கம்பெனியின் கணக்கில் அது வராது.

பெரிய கப்பலில் இருந்து ஒரே நேரத்தில் சில ஆயிரம் இறங்கினால் யார்டில் ஐந்து அடுக்கு, ஆறு அடுக்காகக் கட்ட வேண்டி வரும். அடியில் இருக்கும் ஒன்றை எடுக்க மேலே உள்ள நான்கைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேணும். தூத்துக்குடி ஃபீடர் ஆறு மணித்தியாலம் பிந்தினால் மதர் வெசலை நிறுத்தி வைக்க ஏலாது, அதற்கு அடுத்த துறைமுகத்தில் நேரம் குறித்திருக்கும். 80 கொள்கலனுக்காக 14,000 கொள்கலனை யார் காக்க வைப்பார்கள்? சின்னக் கப்பல் என்றால் கப்டனோடு கதைத்துப் பார்க்கலாம். முன்பு கதைத்திருக்கிறோம்.

மணல்மேடு:

அப்படியென்றால் தூத்துக்குடிக்கே நேராகப் பெரிய கப்பல் வராதா? இவ்வளவு ஊர் சுற்ற வேண்டுமா?

பழைய பிஸ்டன்:

ஆழம், தம்பி. இந்த அளவுக் கப்பல் நிறையச் சுமை ஏற்றினால் தண்ணீருக்குள் 16, 17 மீட்டர் இறங்கும். எங்கள் ஊரில் 14 மீட்டர் சொச்சம். விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர், சர்வதேசக் கப்பல் பாதையும் பத்து கடல்மைலில் இருக்கிறது. கொழும்பின் தெற்கு முனையத்தில் 18 மீட்டர் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஆழம் இருக்கும் இடத்துக்கு அது போகும், மற்ற ஊர்க்காரன் அங்கே ஓட வேண்டும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதே தூத்துக்குடி கொழும்புத் தடத்தில்தான். அன்றைக்கும் கொழும்பு, இன்றைக்கும் கொழும்பு.

ராத்திரி ட்யூட்டி:

இழை நன்றாகப் போகிறது, ஆனால் சூயஸ் கால்வாயை அடைத்த எவர் கிவன் கப்பல் பேரை இன்னும் யாருமே எடுக்கவில்லையே. 2021இல் அந்த மீம்ஸ் பார்த்தேதான் கண்டெய்னர் கப்பல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் :)

பழைய பிஸ்டன்:

சிரிப்புத்தான். உள்ளே இருந்த 25 பேரும் நம் நாட்டுப் பிள்ளைகள்.

2021 மார்ச் 23. 400 மீட்டர் கப்பல், 20,000 டிஇயூ. மேல்தளத்தில் பெட்டிகளை அடுக்கிவிட்டால் அது ஒரு சுவர். பலத்த காற்று பக்கவாட்டில் அடித்தால் பாய் விரித்த தோணி மாதிரி தள்ளிக்கொண்டு போகும். கால்வாயில் ஒதுங்க இடம் எங்கே? ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்றது. 29ஆம் தேதி மிதந்தது. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கால்வாய் ஆணையம் முதலில் 916 மில்லியன் டாலர் கேட்டது, பிறகு 550க்கு இறங்கியது. ஜூலை 7 வரை கப்பலை கிரேட் பிட்டர் ஏரியில் பிடித்து வைத்தார்கள்.

பனியன்காரன் தம்பிக்குத் தெரிந்திருக்கும், கப்பல் முதலாளி ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலை மீட்ட செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டும். உன் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் பங்குக்கான ஈடு கட்டாமல் பெட்டி கையில் வராது.

பனியன்காரன்:

எங்கள் பெட்டி அதில் இல்லை, தெய்வாதீனம். பக்கத்து யூனிட்காரருடையது இருந்தது. அவர் இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை. அந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும், இங்கே எழுத முடியாத வார்த்தைகள் நிறைய.

கொழும்பான்:

விபத்து என்றதும் இன்னொன்று. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்த டாலி என்ற கண்டெய்னர் கப்பல் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தது, அடுத்த துறைமுகம் கொழும்பு. பாலத்தில் வேலை செய்த ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பாலம் திறந்தது 1977இல். 1980இலும் ஒரு சரக்குக் கப்பல் அதில் மோதியது, 390 அடி நீளம். பாலம் நின்றது. டாலி 984 அடி, எடையில் அதைவிடப் பல மடங்கு. இத்தனைக்கும் டாலி 10,000 டிஇயூகூட இல்லை, இந்தக் காலத்தில் அது நடுத்தரக் கப்பல். கப்பலை மாற்றிக் கட்ட இரண்டு வருஷம் போதும். பாலத்தை யார் மாற்றுவது? நியூயார்க் பக்கத்து பேயோன் பாலத்தின் சாலையை 151 அடியிலிருந்து 215 அடிக்கு உயர்த்தினார்கள், பெரிய கப்பல் அடியில் போவதற்காக மட்டும். பொதுப்பணம்.

கணக்குப்பிள்ளை:

சரி, துறைமுகச் செலவு கப்பல் கம்பெனி கணக்கில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் யோசிக்காத பக்கம் அது. ஆனால் விபத்தைப் பருமன் தலையில் போடுவது நியாயமில்லை. மணல்மேடு ஊர்ப்பக்கம் கரையொதுங்கிய பிளாஸ்டிக் உருண்டைகள் எந்தக் கப்பலுடையவை? 184 மீட்டர் எம்எஸ்சி எல்சா 3. 1997இல் கட்டியது. சின்னக் கப்பல்தான்!

மணல்மேடு:

அதை நான் பார்த்தேன். மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கியது, 640 பெட்டியோடு. ஒரு வாரத்துக்குள் எங்கள் குமரிக் கடற்கரையில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டை. பிள்ளைகள் கையில் அள்ளி விளையாடின. சல்லடை போட்டுச் சலித்து மூட்டை கட்டினார்கள். மணலைச் சலித்தால் மணலும் சேர்ந்து போகிறது, உருண்டை பாதி அங்கேயே கிடக்கிறது. ஐரினா வந்தது அதற்குச் சரியாக 15 நாள் கழித்து. அதே விழிஞ்ஞம்.

கொழும்பான்:

எங்களுக்கு 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல். அதே உருண்டைதான், நீர்கொழும்புப் பக்கமெல்லாம்.

கணக்குப்பிள்ளை, எல்சா 3 எங்கே போய்க்கொண்டிருந்தது? விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு. அதாவது ஃபீடர் ஓட்டம். தாய்க்கப்பல் எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு குறைவான துறைமுகங்களில்தான் நிற்கும், மிச்சத்தைக் கொண்டுபோக அவ்வளவு குட்டிக் கப்பல் வேணும். புதுசுக்கெல்லாம் காசு பெரிய கப்பலில் போய்விடும். குட்டிக்கு 28 வயசுக் கிழவி.

பழைய பிஸ்டன்:

கொழும்பான், இதை நான் இத்தனை வருஷத்தில் இப்படிக் கோத்துப் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். மேல்தளத்தில் எட்டு, ஒன்பது அடுக்கு நிற்கிறதே, அதைப் பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? கீழ் அடுக்குகளை லாஷிங் கம்பி போட்டு முறுக்கி இறுக்குவோம். கம்பி எட்டும் உயரம்வரைதான் அது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு மூலைக்கொன்றாக ட்விஸ்ட் லாக், கையில் பிடிக்கிற அளவு இரும்பு, அவ்வளவுதான். 2020 நவம்பர் 30 அன்று ஒன் ஏபஸ் என்ற கப்பல் பசிபிக்கில் ஆடிய ஆட்டத்தில் 1,816 பெட்டி கடலில் விழுந்தது. 2019 புத்தாண்டு ராத்திரி எம்எஸ்சி ஸோ நெதர்லாந்துத் தீவுகளுக்கு வடக்கே 342 பெட்டியை விட்டது. கரையில் பொம்மையும் டிவியும் ஒதுங்கின. அகலமான கப்பல் சீக்கிரம் சாயாது, ஆனால் சாய்ந்தால் வெடுக்கென்று நிமிரும். அந்த வெடுக்கில்தான் லாக் அறுந்துபோகும்.

தீ இன்னும் மோசம். 2018 மார்ச்சில் மெர்ஸ்க் ஹோனம், அரபிக்கடலில். கட்டி ஒரு வருஷம் ஆகாத கப்பல், 15,000 டிஇயூ. ஐந்து பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிக்கு நடுவே எது எரிகிறது என்றே தெரியாது. இருபது சொச்சம் பேர் என்று கணக்குப்பிள்ளை பெருமையாகச் சொன்னாரே, தீயணைக்கவும் அதே இருபது சொச்சம் பேர்தான்.

ராத்திரி ட்யூட்டி:

சரி, மணல்மேடு கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. 30,000 வருமா வராதா?

கணக்குப்பிள்ளை:

கட்ட முடியும், கொரியாவிலும் சீனாவிலும் அந்தத் திறமை இருக்கிறது. ஆனால் 2017இல் 21,000 தாண்டியது ஓஓசிஎல் ஹாங்காங், 2019இல் 23,000 தாண்டியது குல்சுன், 2023இல் ஐரினா 24,346. படி சின்னதாகிக்கொண்டே வருகிறது, கவனித்தீர்களா? 400 மீட்டரைத் தாண்டினால் திரும்பும் இடம், கரையோடு நிற்கும் பெர்த் எல்லாம் மாற்ற வேண்டும். இன்னொரு வரிசை அகலமாக்கினால் எல்லா ஊரிலும் பாரந்தூக்கிக் கையை நீட்ட வேண்டும். பனாமா கால்வாயின் புதுக் கதவுகள் 2016இல் திறந்தன, அதில்கூட 24,000 டிஇயூ கப்பல் நுழையாது. ஆக, இது பெரும்பாலும் ஆசியா ஐரோப்பா தடத்தில் ஓடும் யானை. செங்கடலில் 2023 கடைசியில் தாக்குதல் தொடங்கிய பிறகு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, பத்து நாளுக்கு மேல் கூடுதல்.

மெர்ஸ்க்கே, இந்தப் பந்தயத்தை ஆரம்பித்த ஆள், 2024இல் இறக்கிய, மெத்தனாலில் ஓடும் பெரிய கப்பல் ஆனே மெர்ஸ்க் 16,000 டிஇயூதான். எம்எஸ்சி இன்னும் 24,000 பக்கம் நிற்கிறது. இருவரில் யார் கணக்கு சரி என்று பத்து வருஷம் கழித்துப் பார்ப்போம். நான் 24,000தான் உச்சம் என்று பந்தயம் கட்டுவேன். முன்பு எம்மாவைப் பார்த்து இதுதான் உச்சம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பனியன்காரன்:

24,000 ஆகட்டும், 30,000 ஆகட்டும். எனக்கு வாரம் இரண்டு கப்பல் இருந்தால் போதும்.

கொழும்பான் தம்பி, நாளைக்கு தூத்துக்குடியில் கட்-ஆஃப், பெட்டி உள்ளே போகக் கடைசி நாள். இரண்டு பெட்டி. லாரி இப்போதுதான் தாராபுரம் தாண்டியிருக்கிறது என்று டிரைவர் போன் செய்தார். நம்பரைத் தனிமடலில் அனுப்புகிறேன், உங்கள் திரையில் வந்தால் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

கொழும்பான்:

அனுப்புங்கள் அண்ணா. அடியில் மாட்டாமல் இருக்க என்னால் ஒன்றும் செய்ய ஏலாது, ஆனால் எங்கே கிடக்கிறது என்று சொல்லலாம்.